சம்பளத்துக்குக் கொடுத்தால் தர்மமாகாதா?

(மருத்துவ உதவி நிதி ஒதுக்கீடு குறித்து நம் அறக்கட்டளை கூட்டிய ஆலோசனை அமர்வில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைக்கு நம் முன் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். கடை வாடகை வருமானத்தில் ஆண்டுதோறும் மருத்துவ உதவிக்கென்று ஒரு தொகை ஒதுக்குகிறோம். அதை இதுவரை தனி நபர்களுக்கு மட்டுமே கொடுத்து வந்திருக்கிறோம். அதில் ஒரு பங்கை, நோயாளிகளுக்காக ஊரில் உழைத்துக்கொண்டிருக்கிற சிறு அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுக்கலாமா, கூடாதா?

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். ஜும்ஆ முடிந்ததும் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு நகல், ஜமாஅத் கடிதம். பார்த்து, விசாரித்து, காசோலை எழுதுகிறோம். அது நிற்கப் போவதில்லை, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அதே மனிதர் ஆறு மாதத்தில் திரும்ப வருகிறார். ஏன்? சிறுநீரகம் செயலிழந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவுக்கு வழி இருக்கிறது. ஆட்டோ வாடகைக்கு? துணைக்கு வருகிற மனைவி இழக்கிற அன்றைய கூலிக்கு? இந்த இடத்தில் நம்முடைய காசோலை ஒருமுறை உதவும். வாரம் மூன்று நாள் வண்டி அனுப்பி அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுகிற நாலு இளைஞர்கள் இருந்தால் ஆண்டு முழுவதும் உதவும். அந்த நாலு இளைஞர்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வட்டார அளவில் இயங்கும் சுகாதார அறநிறுவனங்கள் பல உண்டு. அவை தாமே ஆஸ்பத்திரி நடத்துவதில்லை. ஊரில் உள்ள சிறு தொண்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கின்றன. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அவர்களைப் பார்த்து அப்படியே செய்வோம் என்று சொல்ல வரவில்லை. எடுக்க வேண்டியதும் இருக்கிறது, தள்ள வேண்டியதும் இருக்கிறது.

முதலில், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அங்கே பல ஊர்களில் ஆஸ்பத்திரி என்பது ஊர் மக்களோ, ஒரு சர்ச்சோ இலாப நோக்கில்லாமல் நடத்தியது. 1980களில் இருந்து அவற்றில் பலவற்றை இலாபத்துக்கு நடத்தும் மருத்துவக் கம்பெனிகள் விலைக்கு வாங்கின. விற்ற பணத்தை நிர்வாகிகள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. தர்மத்துக்காகச் சேர்ந்த சொத்து தர்மத்திலேயே இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் அந்தப் பணத்தை முதலாக வைத்து அறநிறுவனங்கள் தொடங்கினார்கள். கொலராடோ மாநிலத்தில் 1985இல் ஓர் ஆஸ்பத்திரிக் குழுமம் விற்கப்பட்டபோது 19 கோடி டாலருக்கு மேல் வந்தது. கொலராடோ டிரஸ்ட் அதில் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் புளூ கிராஸ் என்ற இலாபநோக்கற்ற காப்பீட்டு நிறுவனம் கம்பெனியாக மாறியபோது, நுகர்வோர் அமைப்புகளும் அரசின் ஒழுங்குமுறை அதிகாரிகளும் விடாமல் வற்புறுத்தியதால், 300 கோடி டாலருக்கும் அதிகமான சொத்து 1996இல் இரண்டு அறநிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வக்ஃப் சொத்துகளின் கதையை அறிந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் இஸ்திப்தால் என்று ஒரு பாடம் வரும். வக்ஃப் சொத்தை வேறொன்றாக மாற்ற வேண்டிய நிலை வந்தால் என்ன நிபந்தனைகள், கிடைத்ததை எதில் போட வேண்டும் என்ற பேச்சு. ஷாஃபி மத்ஹபில் அதற்கு இன்னும் கடுமை. மதரஸாவில் அதை ஓதியபோது நிலத்துக்கும் தோப்புக்கும் உரிய சட்டமாகத்தான் எனக்குப் பட்டது. அந்த அறநிறுவனங்களின் பிறப்பைப் படித்தபோது, அதே நியாயத்தை வேறொரு நாட்டின் நீதிமன்ற மொழியில் பார்ப்பதுபோல் இருந்தது.

முதலைத் தொடாமல் பலனைச் செலவிடுவதும் அப்படித்தான். உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுடைய கைபர் நிலத்தின் வரலாறு இங்கே எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் தனியார் அறநிறுவனம் என்ற வகையில் வருபவை, தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தையாவது ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்று வரிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சேர்த்து வைத்துக்கொண்டே போக முடியாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியலை ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பெரிய மாநிலங்களை விடுங்கள். டான்வில் என்று ஒரு சிறிய ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது. புகையிலையும் பஞ்சாலையும் சோறு போட்ட ஊர். ஆலைகள் நலிந்து மூடப்பட்டன. அந்தச் சமயத்தில், 2005இல், ஊர் ஆஸ்பத்திரியும் ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஏறக்குறைய 20 கோடி டாலர் முதலோடு டான்வில் வட்டார அறநிறுவனம் தொடங்கியது. பஞ்சாலை மூடிய ஊரில் நோய் எப்படி வருகிறது என்பது நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தெரியும். வேலை போனால் சாப்பாடு மாறும், தூக்கம் போகும், சர்க்கரை ஏறும், பிள்ளையின் படிப்பு நிற்கும். அதனால் அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நிற்கவில்லை. சின்னக் குழந்தைகளின் கல்வி, வேலைவாய்ப்பு, ஊர் மேம்பாடு என்றெல்லாம் மானியம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி விற்ற பணத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று கேட்கலாம். ஆரோக்கியம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை என்பது அவர்கள் பதில். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் நம்முடைய சிறிய தொகைக்கு அவ்வளவு விரித்தால் எங்கும் எட்டாது. நாம் நோயாளியின் வீட்டு வாசலோடு நிற்போம்.

மானியம் வாங்குகிற பக்கத்தில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்? நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். 1992இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கலவரத்தில் பற்றி எரிந்தது. அந்தக் காலத்தில் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்கள் சிலர், நகரத்தின் ஏழைத் தென்பகுதியில் ஓர் இலவச மருத்துவமனை வேண்டும் என்று கிளம்பினார்கள். உம்மா கம்யூனிட்டி கிளினிக் 1996இல் திறக்கப்பட்டது. அங்கே வரும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர், லத்தீன் அமெரிக்கர்களும் கறுப்பின மக்களும். மாணவர்களின் உற்சாகத்தில் தொடங்கியது, ஆனால் உற்சாகத்தில் மட்டும் ஒரு மருத்துவமனை நிற்காது. நர்ஸுக்குச் சம்பளம், கட்டட வாடகை, மின்கட்டணம் எல்லாம் மாதாமாதம் வரும். அரசின் நிதி, அறநிறுவனங்களின் மானியம், தனி மனிதர்களின் நன்கொடை என்று பல கைகள் சேர்ந்துதான் இப்படிப்பட்ட இடங்கள் ஓடுகின்றன.

சம்பளம் என்று சொன்னதும் சில முகங்கள் மாறுகின்றன, பார்க்கிறேன். போன கூட்டத்தில் எழுந்த ஆட்சேபமும் இதுதான். “நோயாளிக்குக் கொடுத்தால் நன்மை. அமைப்புக்குக் கொடுத்தால் ஆளுக்குச் சம்பளமாகப் போய்விடும்.” நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்வி. இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

பக்கத்து ஊர் ஒன்றில் தர்ம நோக்கில் டயாலிசிஸ் மையம் தொடங்கினார்கள். இயந்திரம் வாங்கித் தர ஆள் கிடைத்தார்கள். இயந்திரத்தில் பெயர் போடலாம் அல்லவா! திறப்பு விழாவுக்குக் கூட்டமும் வந்தது. டெக்னீஷியனுக்கு மாதச் சம்பளம் தர ஆள் கிடைக்கவில்லை. சம்பளத்தின் மேல் பெயர் எழுத முடியாது. நான் போய்ப் பார்த்தபோது இரண்டு இயந்திரங்கள் துணி போர்த்தி நின்றன. அவற்றுக்குக் கொடுத்தவர்களின் நிய்யத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். ஆனால் வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்ற நோயாளிக்கு அந்தத் துணியால் என்ன பயன்?

வீட்டோடு படுத்துவிட்ட புற்றுநோயாளியைப் பாருங்கள். அவருக்குத் தேவை புண்ணைக் கழுவிக் கட்டுகிற கை, வலி மருந்து சரியாகச் சேருகிறதா என்று கவனிக்கிற கண். அந்தக் கைக்கும் கண்ணுக்கும் கொடுப்பதைத்தான் நாம் ‘சம்பளம்’ என்று எழுதி ஓரமாகத் தள்ளுகிறோம். வீட்டு வாசல் வரை நடந்து போகிற நர்ஸின் சம்பளம் நிர்வாகச் செலவு அல்ல, அதுவேதான் சேவை.

இது நவீன காலத்துப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்சூரி மாரிஸ்தான் முஸ்லிம் உலகத்தின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று. அதன் வக்ஃப் ஆவணத்தில் மருத்துவர்கள், ஊழியர்களின் ஊதியம் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளிகளின் உணவும், கோடையில் விசிறிக்கொள்ள ஓலை விசிறியும்கூட அதில் உண்டு. கட்டடம் மட்டும் கட்டிவிட்டு, மருத்துவர் ‘லில்லாஹ்’வுக்கு வந்து பார்க்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

அதற்கும் மேலே போவோம். ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று சூரத்துத் தவ்பாவில் வருகிறது. ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து வருவது யார்? அந்த ஜகாத்தைத் திரட்டுவதில் உழைப்பவர்கள். வேலை செய்பவரின் கூலி அந்தப் பட்டியலிலேயே இருக்கும்போது, நாம் எங்கிருந்து இந்த வெட்கத்தைக் கற்றுக்கொண்டோம் என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே ஹஜ்ரத் அவர்கள் என்னைத் திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இதை வைத்து ஜகாத் பணத்தை மருத்துவமனை ஊழியர் சம்பளத்துக்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வகை ஜகாத்தைத் திரட்டுபவர்களுக்கு உரியது. ஜகாத் தகுதியானவரின் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது ஃபுகஹாக்களில் பெரும்பாலோரின் நிலை. இக்காலத்து அறிஞர்கள் சிலர் விரித்துப் பொருள் சொல்கிறார்கள், நம் ஊர் உலமாக்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே இந்த மானியம் கடை வாடகையில் இருந்தும் பொது ஸதகாவில் இருந்தும் மட்டுமே. பைத்துல்மாலின் ஜகாத் கணக்கு தனி வங்கிக் கணக்கில் இருக்கிறது, அது அப்படியே இருக்கும். அதில் கை வைக்கும் பேச்சு இங்கே இல்லை.

சம்பளத்தைப் பற்றிய இதே தயக்கம் அமெரிக்காவிலும் இருந்தது, இன்றும் முழுவதும் போகவில்லை. திட்டத்துக்குக் கொடுப்போம், அலுவலகத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்பார்கள். விளைவு என்ன ஆயிற்று? கணக்கர் இல்லை, பழுதான கணினி, ஓர் ஆள் மூன்று ஆள் வேலை. அமைப்புகள் செலவைக் குறைத்துக் காட்டின, கொடுப்பவர்கள் அதையே உண்மைச் செலவு என்று நம்பி அடுத்த ஆண்டு இன்னும் குறைத்தார்கள். 2013இல் அங்கே தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. 2020இல் கொரோனா வந்தபோது நூற்றுக்கணக்கான அறநிறுவனங்கள், கொடுத்த மானியத்தின் நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம், எதற்கு அவசரமோ அதற்குச் செலவிடுங்கள் என்று கையெழுத்திட்டன. நோய் கதவைத் தட்டிய பிறகு வந்த ஞானம்.

தள்ள வேண்டியது என்று சொன்னேனே, அதில் முதலாவது அவர்களுடைய காகிதம். விருப்பக் கடிதம், அதன் பிறகு விண்ணப்பம், பிறகு வரவு செலவுத் திட்டம், அளவுகோல்கள், காலாண்டு அறிக்கை. நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்த அமைப்பு வாங்கிக்கொண்டு போகும். வேலை தெரிந்து எழுதத் தெரியாதது வெளியே நிற்கும். இரண்டாவது, மோகம் மாறுவது. மூன்று ஆண்டு ஒரு நோய், அடுத்த மூன்று ஆண்டு வேறொன்று. கொடுப்பவரின் மனம் மாறும்போதெல்லாம் வாங்குபவர் தன் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவது, ஊருக்காக முடிவெடுப்பவர்கள் ஊரில் யாரும் தேர்ந்தெடுக்காத சில பெரிய மனிதர்கள். கொலராடோ டிரஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் இதை உணர்ந்து, எது தேவை என்பதை அந்தந்தப் பகுதி மக்களே கூடி முடிவு செய்யும் முறைக்குப் போய்ப் பார்த்தன. நம் அறங்காவலர்களுக்கும் இதில் யோசிக்க இடம் உண்டு, என்னையும் சேர்த்துத்தான். நம்மில் யாரும் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

பெரிய முதல் இல்லாமலும் இது நடக்கும் என்பதற்குக் கேரளம் சாட்சி. கோழிக்கோட்டில் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கியது. அது மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊருக்கு ஊர் தொண்டர் குழுக்களாகப் பரவியது. பணம் பெரும்பாலும் அந்தந்த ஊரின் சில்லறை. கடைக்காரர், மாணவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மக்கள் முன்னால் நடந்தார்கள், அரசு பின்னால் வந்து சேர்ந்தது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருமான வரி விலக்கு பெற்ற ஓர் அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுத்தால், 2023 நிதிச் சட்டத்தின்படி அதில் 85 சதவீதம்தான் நாம் செலவிட்டதாகக் கணக்கில் வரும். இதை நம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். வெளிநாட்டு நன்கொடையை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதற்கு 2020 திருத்தத்தின்படி தடை இருக்கிறது. வளைகுடாச் சகோதரர்கள் யாராவது “என் பணத்தையும் இதில் சேர்த்துக் கொடுங்கள்” என்றால், பணத்தை வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். அன்பு மிகுதியில் யாரும் வாங்கிப் போட்டுவிட வேண்டாம்.

இனி, நாம் செய்ய நினைப்பது. விண்ணப்பம் ஒரு பக்கம், தமிழில். எழுத முடியாதவர்கள் வந்து வாயால் சொன்னால் அலுவலகத்தில் எழுதிக்கொள்வோம். நம்மில் இருவர் நேரில் போய்ப் பார்ப்பார்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். படுத்திருக்கும் தாயின் அறைக்குள் நான் போய் நின்று என்ன விசாரிப்பது? மானியம் இரண்டு ஆண்டுக்கு. ஓர் ஆண்டுக்கு என்றால் ஆளை வேலைக்கு வைத்துப் பழக்கி முடிப்பதற்குள் காலம் முடிந்துவிடும். சம்பளம், வண்டி டீசல், வாடகை எதற்கும் செலவிடலாம், ரசீது மட்டும் வேண்டும். நோயாளி எந்த மதத்தவர் என்று கேட்கிற கட்டம் படிவத்தில் இருக்காது. அமைப்பும் முஸ்லிம் அமைப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. காசநோயாளி மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டால், அவர் இருமும்போது கிருமி மஹல்லா எல்லை பார்த்துப் பரவாது. மாதம் 1000 ரூபாய் சத்துணவு உதவி அரசிடம் இருந்து அவருக்கு வர வேண்டும். வங்கிக் கணக்கில் ஏறியதா என்று விசாரித்து, ஆறு மாதமும் மாத்திரை முழுங்க வைக்கிற ஆள் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன?

இன்னும் ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. நம் அறங்காவலர் ஒருவரின் மச்சானோ மருமகனோ நடத்துகிற அமைப்பு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அந்த அறங்காவலர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் நேர்மையானவரா என்பது கேள்வி இல்லை. சிறிய ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். அதனால்தான் முதலில் சொன்ன அந்தப் பட்டியல் விஷயம் முக்கியம். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் இந்த இதழிலும் ஆண்டுதோறும் போடுவோம். உதவி பெறும் ஏழையின் பெயரை மறைப்பது நம் கடமை. அமைப்பின் பெயரை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

எவ்வளவு தொகை என்று தலைவர் கேட்டிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மருத்துவ ஒதுக்கீட்டில் நாலில் ஒரு பங்கு என்பது என் கருத்து. மீதி முக்கால் பங்கும் இப்போது போலவே ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் நிற்பவர்களுக்கு. நாலில் ஒரு பங்கு அதிகம் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். அதற்காகத்தான் அஸர் வரை நேரம் வைத்திருக்கிறோம். படிவத்தின் மாதிரி வாசல் மேசையில் இருக்கிறது. அதில் ஏதாவது கேள்வி தேவையில்லை என்று பட்டால் பேனாவால் அடித்து, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் திருத்தங்களோடு வாக்கெடுப்புக்கு வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.